தகட்டுக்கு ஏற்ற கருவி



தைப்பூசம் என்றதும் காவடி நம் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் பக்தர்கள் சிராங்கூன் ரோட்டிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடக்கிறார்கள். அக்காவடிகளில் பலவற்றின் சட்டம் அலுமினியத்தால் ஆனது. ஏன் தெரியுமா? ஒரே அளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். சுமப்பவரின் தோளுக்கு அது பெரிய உதவி.

காவடிக்கு அலங்காரத் தகடு வெட்டுவதானாலும் சரி, நம் வீட்டு அடுப்படிச் சுவருக்குத் தகடு அடிப்பதானாலும் சரி, எதைக் கொண்டு வெட்டுவது என்ற கேள்வி எழுகிறது. லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்திலோ நம் ஊர் இரும்புக் கடையிலோ போய்க் கேட்டால், கடைக்காரர் பல கருவிகளை எடுத்து வைப்பார். எல்லாவற்றையும் வாங்க நம்மிடம் பணம் ஏது? ஆகவே, கருவியைப் பார்க்குமுன் தகட்டின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

கனத்தை அளக்கக் கருவி இல்லையா? பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போதும். சாதாரணத் தாள் 10 சேர்ந்தால் சுமார் 1 மில்லிமீட்டர். தகட்டை அதனருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குளிர்பான டப்பாவின் சுவர் ஒரு தாள் அளவே இருக்கும். அதை வீட்டுக் கத்தரிக்கோலே வெட்டிவிடும். ஆனால் துணி வெட்டும் கத்தரியைத் தொடாதீர்கள். அதன் கூர் கெட்டுவிடும்.

ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வரையுள்ள தகட்டுக்குத் தகரக் கத்தரியே ஏற்றது. இரட்டை நெம்புகோல் அமைந்த கத்தரியானால் கைக்கு வலி குறைவு. விமானம் கட்டுவோருக்காக வந்த இவ்வகையில் கைப்பிடியின் நிறத்துக்கும் பொருள் உண்டு: மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம் வளைத்து வெட்ட. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சளை வாங்குங்கள். அகலமான வளைவுகளையும் அது சமாளிக்கும். வெட்டும்போது வாயை முழுதும் மூடாதீர்கள். முனை மூடும் இடத்தில் தகடு கிழிந்து பல் விழும். இரும்புக் கம்பியை அதனால் நறுக்கவும் வேண்டாம்.

பழைய கத்தரி மலிவாகக் கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அலகில் பள்ளம் தெரிந்தாலும், நடு ஆணி ஆடினாலும் விட்டுவிடுங்கள். 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையில் அப்படிச் சோதித்து வாங்கியவர்களே பயனடைந்திருப்பார்கள்.

அதைவிடக் கனமான தகட்டுக்கு இரும்பறுக்கும் ரம்பம் வேண்டும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள அலகைக் கேளுங்கள். பல் பெரிதானால் தகட்டில் மாட்டி அதை உதறும். தகட்டை இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, பலகையோடு சேர்த்து அறுத்தால் நடுங்காது. அலுமினியம் மென்மையானதால் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். அலகில் சிறிது மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மின்சார ரம்பம் விரைவுதான். ஆனால் அடுக்குமாடி வீட்டிலானாலும் நம் லயத்திலானாலும் அதன் சத்தம் அண்டை வீட்டாரை வருத்தும். ஒன்றிரண்டு தகடுகளுக்குக் கை ரம்பமே போதும்.

நேராக வெட்ட மட்டும் இன்னொரு வழியும் உண்டு. இரும்பு அடிக்கோலை வைத்து, கூரிய கத்தியால் ஒரே கோட்டில் பலமுறை ஆழமாகக் கீறுங்கள். பிறகு மேசை ஓரத்தில் வைத்து முன்னும் பின்னும் மடக்கினால் தகடு முறிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. இரும்பு தேய்க்கும் சாணைக்கல்லில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். கல்லின் நுண்துளைகளில் உலோகம் அடைத்து, கல் சூடேறி உடைந்து தெறிக்கக்கூடும்.

வெட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. புதிதாக வெட்டிய விளிம்பு கத்தி போன்றது. தகட்டைத் தூக்கும்போது தடித்த கையுறை அணியுங்கள். விளிம்புகள் எல்லாவற்றையும் அரத்தால் ராவி, பிசிறு நீக்குங்கள். காவடி எடுப்பவர் வெற்றுடம்போடு நடக்கிறார். கூட்டத்தில் குழந்தைகள் நெருங்கி நிற்கிறார்கள். அடுப்படியில் நம் பிள்ளைகள் கை வைக்கிறார்கள். ஆகையால், கத்தரி வாங்கும் பணத்தில் ஓர் அரத்துக்கும் இடம் வையுங்கள். விலை உயர்ந்த கத்தரி வாங்கி அரம் இல்லாமல் திரும்புவதைவிட, சாதாரணக் கத்தரியும் ஒரு நல்ல அரமும் வாங்கி வருவதே புத்திசாலித்தனம்.