ஆற்றுக் கப்பற் பிரயாணமும் செலவுக் கணக்கும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது தமிழர் வழங்கும் முதுமொழி. திரும்பி வராத பொருளுக்கும் கணக்கு வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆற்றின்மீது உல்லாசமாகப் பிரயாணஞ் செய்வதற்கெனச் சேர்த்துவைத்த பணத்துக்கு இம்மொழி மிகவும் பொருந்தும். வாழ்நாள் முழுவதும் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வுபெற்ற பின்னர் ஒருமுறை உலகைக் காணப் புறப்படுவோர் பலர். அவர்கள் செலவிடும் பணம் இரண்டாம் முறை கைக்கு வருவதன்று. ஆகவே, கப்பலைத் தெரிவு செய்யுமுன் கணக்கைத் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

கடற்கப்பலிற் செல்வோர் நாட்கணக்காக நீரையும் வானையும் மட்டுமே காண்பர். ஆற்றுக் கப்பலிற் செல்வோர்க்கோ இரு மருங்கிலும் கரை எப்பொழுதும் கண்ணுக்குத் தெரியும். காலையிலே ஓர் ஊரில் இறங்கி நடக்கலாம். மாலையிலே கப்பலுக்குத் திரும்பலாம். இரவு உறங்கி எழும்போது வேறோர் ஊர் வந்திருக்கும். பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தாற் போதும்; விடுதிக்கு விடுதி சுமந்து திரியவேண்டியதில்லை. முதியோர் இவ்வகைப் பிரயாணத்தை விரும்புவதற்கு இதுவே முதற் காரணம்.

இப்பிரயாணத்துக்குப் பேர்பெற்ற ஆறுகளுள் ஐரோப்பாவின் டான்யூப் நதி ஒன்று. ஜேர்மனியின் கருங்காட்டிலே தோன்றி, பத்து நாடுகளைத் தொட்டு, சுமார் 2,850 கிலோமீற்றர் ஓடிக் கருங்கடலிற் கலக்கிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிறேட் என்னும் நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் அமைந்துள்ளன. 1829ஆம் ஆண்டிலே வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பற் சங்கம் நிறுவப்பட்டது; மறு ஆண்டிலேயே அதன் கப்பல் பெஸ்ட் நகருக்குச் சென்றது. இன்று அங்கே ஓடும் உல்லாசக் கப்பல்கள் மிதக்கும் விடுதிகள் போன்றவை.

டான்யூப் பிரயாணம் என்பது ஒன்றன்று, பல. ஜேர்மனியின் பாஸௌ நகரிற் புறப்பட்டு வியன்னா வழியாகப் புடாபெஸ்ட் சென்று மீளும் ஏழு இரவுப் பிரயாணம் ஒருவகை. அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஆற்றுவழி சுமார் 580 கிலோமீற்றர். புடாபெஸ்டிலிருந்து கீழ்நோக்கிப் பெல்கிறேட்டைக் கடந்து, மலைகளுக்கிடையே ஆறு நெருங்கி ஓடும் இரும்புவாயில் வழியாகச் செல்வது இன்னொரு வகை. றைன், மைன், டான்யூப் ஆகிய மூன்று ஆறுகளையும் கடந்து அம்ஸ்ரர்டாமையும் புடாபெஸ்டையும் இணைப்பது மூன்றாவது வகை; இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் செல்லும். நகரங்களையும் சங்கீதத்தையும் அரண்மனைகளையும் காண விரும்புவோர்க்கு முதலாவது வகை பொருந்தும். கூட்டங் குறைந்த ஊர்களையும் இயற்கைக் காட்சியையும் விரும்புவோர்க்கு இரண்டாவது ஏற்றது. மூன்றாவதைத் தெரிந்தெடுப்போர்க்கு நாளும் பணமும் இரட்டிப்பாக வேண்டும். எதைக் காண விழைகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தவர், விளம்பரக் கையேட்டிலுள்ள வண்ணப்படங்களால் மயங்கமாட்டார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பருவம். கப்பலின் தரத்தை நிறுவனம் உறுதி செய்யலாம். ஆற்றின் நீரை எவரும் உறுதி செய்ய இயலாது. நீர் குறைந்தால் கப்பலின் அடிப்பாகம் தரைதட்டும். நீர் மிகுந்தால் பாலங்களின் கீழே நுழைய இடமிராது. டான்யூபின் மேற்பகுதியிலே ஸ்ட்ராவுபிங் நகருக்கும் வில்ஸ்ஹோபன் நகருக்கும் இடையில் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தூரம் அணைக்கட்டுகள் இன்றி ஆறு இயல்பாக ஓடுகிறது. கோடை முடிவில் நீர் வற்றும்போது கப்பல்கள் அவ்விடத்திலே தடைப்படுவதுண்டு. 2018 ஒக்டோபரில் றைன் நதியின் கௌப் என்னுமிடத்து அளவுகோல் 25 சென்ரிமீற்றர் மட்டுமே காட்டியது. அது ஆற்றின் முழு ஆழமன்று. எனினும் கப்பலோட்டிகளைக் கலங்கச் செய்யப் போதிய குறைவே. இதற்கு மாறாக, 2013 ஜூன் மாதத்தில் பாஸௌ நகரில் வெள்ளமட்டம் 12.89 மீற்றரை எட்டியது. 2024 செப்ரெம்பரில் ஒஸ்திரியாவில் பெருவெள்ளம் வந்தபோது கப்பல்கள் வியன்னாவிலே காத்துக்கிடக்க நேர்ந்தது.

இத்தகைய வேளைகளிற் கப்பல் நிறுவனங்கள் பிரயாணிகளைப் பேருந்தில் ஏற்றி, தடையின் மறுபுறத்தில் நிற்கும் வேறொரு கப்பலுக்கு மாற்றுவதுண்டு. அல்லது கப்பலையே ஓரிடத்தில் விடுதியாக நிறுத்தி வைப்பதுண்டு. பிரயாண வழியை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்துகளுக்குள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பணங் கட்டுமுன் அப்பகுதியை வாசித்தல் வேண்டும். வழி மாறினாற் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் நன்று. ஏப்பிரில் முற்பகுதியிலும் நவம்பரிலும் கட்டணம் பெரும்பாலும் குறைவு. குளிரும் குறுகிய பகலும் அக்குறைவுக்குக் காரணம். நவம்பர்க் கடைசியில் நத்தார்ச் சந்தைகள் கூடத் தொடங்கியதும் கட்டணம் மீண்டும் ஏறும்.

மூன்றாவதாக, கப்பலின் அறை. மைன் நதியையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீற்றர் நீளமான கால்வாய் 1992இல் திறக்கப்பட்டது. அக்கால்வாயிற் கப்பலை நீரால் ஏற்றியிறக்கும் மதகுத் தொட்டிகளின் அகலம் 12 மீற்றர். எனவே அவற்றைக் கடக்கவல்ல கப்பல் சுமார் பதினொன்றரை மீற்றர் அகலமே கொள்ளலாம். நீளம் 135 மீற்றர் வரை இருக்கும். இந்த ஒடுங்கிய உடலுக்குள்ளே உணவு மண்டபமும் அறைகளும் அடங்கவேண்டியிருப்பதால், அறைகள் சிறியனவாகவே அமையும். கீழ்த்தள அறைகளின் சாளரம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சிறியதாய், திறக்க இயலாததாய் இருக்கும். மேல்தள அறைகளுக்குத் தரைமுதற் கூரைவரை கண்ணாடிக் கதவு உண்டு; அதற்கேற்ப விலையும் உண்டு.

இங்கேதான் பலர் அளவு தவறுகின்றனர். கீழ்த்தளத்தில் உறங்குபவரும் மேல்தளத்தில் உறங்குபவரும் பொதுவாக ஒரே மண்டபத்தில் உண்கின்றனர். ஒரே திறந்த மேற்றட்டில் அமர்ந்து ஒரே ஆற்றைக் காண்கின்றனர். அறைக் கண்ணாடியோ ஒரு கரையை மட்டுமே காட்டும். மேலும், நெருக்கடியான துறைகளிலே கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவைப்பது வழக்கம். அப்பொழுது உயர்ந்த விலை கொடுத்த அறையின் கதவைத் திறந்தால் அடுத்த கப்பலின் சுவரே தோன்றும். நடமாட இயலாதவரும் பகற்பொழுதில் அறையிலே தங்க விரும்புவோரும் மேல்தள அறைக்குப் பணங் கொடுப்பது நியாயமே. ஏனையோர் கீழ்த்தளத்தைக் கொண்டு, மிஞ்சிய பணத்தைக் கரையிலே செலவிடலாம். எந்தத் தளமாயினும், இயந்திரம் இருக்கும் பின்பகுதியைத் தவிர்த்துக் கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்பது உறக்கத்துக்கு நல்லது.

இனிச் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். இலங்கையிலிருந்து புறப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் பாஸௌவிலிருந்து ஏழு இரவுப் பிரயாணம் செய்ய எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உண்மை விலை ஆண்டுதோறும் மாறும். விளம்பரத்திலே ஓர் ஆளுக்கு 1,500 யூரோ என்று கண்டிருக்கிறது, இருவருக்கும் 3,000. ஆசிரியர் இத்தொகையையே செலவு என்று எண்ணி மகிழ்கிறார். மனைவியோ ஒரு கொப்பியை எடுத்து மற்றவற்றை எழுதத் தொடங்குகிறார். விமானக் கட்டணம் இருவருக்கும் 1,800. கரையிறங்கி ஊர்காணும் சுற்றுலாக்கள் கட்டணத்துள் அடங்காவிடின், ஓர் ஆளுக்கு 50 யூரோ வீதம் நான்கு சுற்றுலாவுக்கு 400. கப்பல் ஊழியர்க்கு அளிக்கும் இனாம், நாளொன்றுக்கு ஆளுக்கு 12 யூரோ வீதம் 168. விசாக் கட்டணம் 180. விமானம் தாமதித்தாற் கப்பலைத் தவறவிடாதிருக்க முன்னதாகவே சென்று தங்கும் இரண்டு இரவுகளுக்கு 240. விமான நிலையத்துக்கும் பாஸௌவுக்கும் இடையே புகையிரதம் 160. காப்புறுதி 100. குடிவகை முதலிய சில்லறைச் செலவு 150. ஆக மொத்தம் 6,198 யூரோ.

விளம்பரம் காட்டிய தொகை முழுச் செலவிற் பாதியும் இல்லை. இதை வீட்டுமேசையிலே கண்டுகொள்பவர் திட்டத்தைத் திருத்தலாம்; கப்பலில் ஏறியபின் கண்டுகொள்பவர் கடன்படலாம். இவற்றோடு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிவைத்தல் முறை. இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போதும் இக்கணக்கே துணையாகும். சுற்றுலாவும் இனாமும் உட்பட 1,800 யூரோ கேட்கும் கப்பல், அவை நீங்கலாக 1,500 கேட்கும் கப்பலைவிட அதிக விலையுடையதாகத் தோன்றும். மேற்கண்ட கணக்கின்படி அவற்றைக் கூட்டினால் ஆளுக்கு 284 யூரோ வரும். வேறுபாடு வெறும் 16 யூரோவாகச் சுருங்கிவிடும். தனியே செல்வோர் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். விளம்பரக் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவதைக் கொண்டு கணிக்கப்பட்டது. தனியாளிடம் மேலதிகக் கட்டணம் கேட்பது பொது வழக்கம். சில வேளைகளிற் சில நிறுவனங்கள் அதைத் தள்ளுபடி செய்வதுமுண்டு.

சேமிப்பு ரூபாவிலும் செலவு யூரோவிலும் இருப்பது மற்றொரு கவலை. 2022இல் சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியதை இலங்கையர் மறந்திருக்க மாட்டார்கள். முற்பணம் கட்டிவிட்டு மீதியை ஓராண்டு கழித்துக் கட்டுவோர் இவ்வபாயத்தையும் தம் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

விசா விடயத்திலும் முன்யோசனை வேண்டும். ஜேர்மனி, ஒஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நான்கு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். 2024 ஜூன் முதல் வளர்ந்தோர்க்கான கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்புவதில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் அவசியம். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குவதோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் கப்பல் எந்நாட்டில் எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெல்கிறேட் வரை செல்வோர் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், பன்முறை நுழைவுக்குரிய விசாவைக் கேட்பது அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, விசா கிடையாவிடின் கப்பற் பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை முற்பணம் கட்டுமுன்னரே அறிதல் வேண்டும். பிரயாண நாள் நெருங்க நெருங்கத் திரும்பும் தொகை குறைந்துகொண்டே செல்லும்.

கணக்கைப் பார்த்தபின் கை தாழ்ந்தவர் மனந்தளர வேண்டியதில்லை. டான்யூபின் அழகிய பகுதிகளுள் ஒன்று ஒஸ்திரியாவின் வாஹௌ பள்ளத்தாக்கு. மெல்க் நகரின் துறவிமடத்திலிருந்து கிரெம்ஸ் நகர்வரை, திராட்சைத் தோட்டங்களும் பழைய கோட்டைகளும் நிறைந்த அப்பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சர்ட் சிறைவைக்கப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகளும் அங்கேயே உள்ளன. வியன்னாவில் எளிய விடுதியொன்றிலே தங்கி, காலைப் புகையிரதத்தில் மெல்க் சென்று, பகற்கப்பலிற் கிரெம்ஸ் வரை வந்து, மாலையில் வியன்னா திரும்பலாம். வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை இப்பகற்கப்பல்கள் ஓடுகின்றன. நீரோட்டத்தோடு கீழ்நோக்கி வர இரண்டு மணிநேரமும் ஆகாது. எதிர்த்துச் செல்ல மூன்று மணிநேரம்வரை செல்லும். ஆதலால், ஆற்றை ஆறுதலாகக் காண விரும்புவோர் எதிர்த்துச் செல்லும் கப்பலில் ஏறுவது நன்று. ஏழு இரவுக் கப்பலின் விலையிற் சிறியதொரு பங்குக்கே அந்த ஆற்றின் சிறந்த காட்சி கிடைத்துவிடுகிறது.

உதாரணமாகக் கொண்ட ஆசிரியர் தம்பதியர் இறுதியில் என்ன செய்வர்? ஒருவேளை கீழ்த்தள அறையைக் கொண்டு கப்பலிலேயே செல்வர். ஒருவேளை பகற்கப்பலோடு திருப்தியடைந்து, மீந்த பணத்தைப் பேரப்பிள்ளைகளுக்கென வைத்துக்கொள்வர். எதுவாயினும் அது அவர்கள் தெரிந்து செய்த முடிவாக இருக்கும். கொப்பியிலே கணக்கை எழுதி முடித்துவிட்டுக் கப்பலேறுபவர், மேற்றட்டில் அமர்ந்திருக்கும்போது பணப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிரார், கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.