ஸ்மோக்கி மலையில் மார்ச் மாதம்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஒரே பயணமாக முழுப் பாதையையும் நடப்பவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் தெற்கு முனையிலிருந்து கிளம்புகிறார்கள். அக்டோபர் நடுவில் கட்டாடினைக் குளிர் பிடித்துவிடும் என்பதால், அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். சீக்கிரம் கிளம்புவதால் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரை அவர்கள் குளிர்காலம் முழுதாக விலகாத நாட்களிலேயே கடக்க நேர்கிறது.

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கையும் குவோஹி சிகரத்துக் கோபுரத்தையும் பலர் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். நடைப்பயணிக்கு முக்கியமானது இந்த மலைத்தொடரின் முகடு. ஸ்மோக்கியின் வாசலான ஃபான்டானா அணையைக் கடந்ததும் பாதை செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. குவோஹியில் 2,025 மீட்டரைத் தொடுகிறது. நெடும்பாதை முழுவதிலும் அதுவே மிக உயர்ந்த இடம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்துக் கேட்லின்பர்க்கில் மரம் பூத்துக் குலுங்கும் அதே நாளில், 1,538 மீட்டர் உயரத்து நியூஃபவுண்ட் கணவாயில் பனி கொட்டுவது இப்படித்தான். ஆகவே ஊரின் வானிலையைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டக் கூடாது.

ஆழமான பனியை விட ஆபத்தானது இரண்டு, மூன்று டிகிரிக் குளிரில் பெய்யும் மழை. உலர்ந்த பனியைத் தட்டிவிடலாம். இந்த மழையோ தோல்வரை இறங்கி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் கை தடுமாறும், பேச்சு குழறும், எந்த முடிவும் சரியாக வராது. பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்கு இந்த மலையில் இடமே இல்லை. கம்பளி அல்லது செயற்கை இழை ஆடை, மழைச் சட்டை, கூடுதல் கையுறை இவை கட்டாயம். இவற்றோடு இன்னொரு ஜோடி ஆடையும் சாக்ஸும் தண்ணீர் புகாத பையில் தனியாக இருக்க வேண்டும். அது தூங்குவதற்கு மட்டும். காலையில் முந்தின நாளின் ஈர சாக்ஸையே மறுபடி மாட்டுவது கொடுமைதான். ஆனாலும் அதையே மாட்ட வேண்டும். உலர்ந்ததைப் போட்டு நடந்தால் அன்றிரவு மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முகட்டில் உள்ள தங்குமிடங்கள் மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையும்தான். முன்பக்கம் திறந்தே கிடக்கும். படுக்கப் போகுமுன் ஷூவின் லேஸை நன்றாகத் தளர்த்தி வைக்க வேண்டும். விடியும்போது ஷூ மரக்கட்டையாக விறைத்திருக்கும், லேஸ் இறுகியிருந்தால் கால் நுழையாது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் உறைவது அடிப்பக்கமாகப் போகும், வாய் அடைக்காது. நீர் வடிகட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டே தூங்க வேண்டும். ஒருமுறை உறைந்தால் அதன் நுண்குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் கிருமி தாராளமாக உள்ளே வரும். பியூட்டேன் வாயு பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆவியாக மறுக்கும் என்பதால், ஸ்டவ்வின் கேஸ் டப்பாவையும் உள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

வழி தெரிவதும் சிக்கல்தான். இந்தப் பாதையின் அடையாளம் மரத்தில் பூசிய வெள்ளைப் பட்டை. அகலம் 5 சென்டிமீட்டர், உயரம் 15. காற்றில் பனி மரத்தின் ஒரு பக்கமெல்லாம் அப்பிக்கொண்டால் வெள்ளையில் வெள்ளை எங்கே தெரியும்? ரோடோடென்ட்ரான் கிளைகளும் பாரம் தாங்காமல் வளைந்து வழியை மூடிவிடும். வரைபடமும், குளிரில் சீக்கிரம் தீரும் பேட்டரிக்குத் துணையாக இன்னொன்றும் தேவைப்படுவது இதனால்தான்.

இங்கே 1993 மார்ச்சைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அந்த மாதம் 12 முதல் 14 வரை வீசிய பெரும்புயலில் இந்தத் தொடரின் லெகான்ட் மலையில் மட்டும் 56 அங்குலம், அதாவது 142 சென்டிமீட்டர் பனி விழுந்தது. இத்தனைக்கும் அமெரிக்க வானிலைத் துறை அந்தப் புயலைச் சுமார் ஐந்து நாள் முன்பே கணித்திருந்தது. கீழே வானொலி கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்த சேதி மேலே நடந்துகொண்டிருந்தவர்களுக்கு எட்டவில்லை. சாலைகள் அடைபட, பலர் மலையிலேயே சிக்கினார்கள். தேடி மீட்க ஹெலிகாப்டர்கள் போக வேண்டியிருந்தது. இன்றைக்குக் கைப்பேசி இருக்கிறது. ஆனால் முகட்டின் பல இடங்களில் அதற்குச் சிக்னல் கிடையாது. முன்னறிவிப்பை அணையடியிலேயே பார்த்துவிட வேண்டியது அதனால்தான்.

ஏறிய பிறகு இறங்க வழி குறைவு. ஃபான்டானாவிலிருந்து நியூஃபவுண்ட் கணவாய் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்கு இடையில் நெடும்பாதையை வெட்டிச் செல்லும் நெடுஞ்சாலை இல்லை. கணவாயில் உள்ள சாலையையும் பனி கொட்டினால் மூடிவிடுவார்கள். எனவே கூடுதலாக இரண்டு நாள் உணவும், தங்குமிடம் நிரம்பியிருந்தால் விரிக்கச் சொந்தக் கூடாரமும் வேண்டும். முன்னறிவிப்பில் கடும் பனி என்று வந்தால், ஃபான்டானாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஏறுங்கள். ஆறு மாத நடையில் இரண்டு நாள் ஒரு தாமதமே இல்லை.