நெய்வேலியில் எரிவது தமிழ் மண்
(கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விளக்கின் விசையைத் தட்டியவுடன் ஒளி பிறக்கின்றது. அவ்வொளிக்காக எவருடைய நிலம் அகழப்பட்டது, எவருடைய தோள் உழைத்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

1930-களில் நெய்வேலியில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய துகள்களும் மேலெழுந்தன. அதனை அரசின் பார்வைக்குக் கொண்டுசென்றவர் அவர்; 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சுரங்கத்திற்கென வழங்கியவரும் அவரே. 1956-இல் நடுவணரசு அங்கு நிலக்கரிக் கழகத்தை நிறுவியது. 1957-இல் அகழ்வு தொடங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் இயங்கத் தொடங்கி, 1970-இல் ஒன்பது அலகுகளும் 600 மெகாவாட் திறனும் உடையதாக நிறைவெய்திற்று.

அக்கரியை எடுப்பது எளிய வினையன்று. மேலே கடினமான மணற்பாறை. கீழே அழுத்தத்தோடு பொங்கக் காத்திருக்கும் ஊற்றுநீர். இரவும் பகலும் அந்நீரை இறைத்துக்கொண்டேயிருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். வாளிச் சக்கர அகழ்பொறிகள் மண்ணை விலக்கிக் கரியை வெட்டுகின்றன. ஓடும் பட்டைகள் அதனை நிலையத்திற்குச் சுமந்து செல்கின்றன. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாகவே உள்ள கரியைத் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்வது பயன்தராது. ஆதலின் சுரங்கத்தின் அருகிலேயே உலையும் அமைந்தது.

பொடியாக்கப்பட்ட கரி உலையில் எரிகின்றது. அவ்வெப்பத்தால் கொதிகலனில் நீர் ஆவியாகின்றது. உயரழுத்த நீராவி சுழலியின் இதழ்களில் மோதி, அதனை மணித்துளிக்கு 3000 சுற்று சுழற்றுகின்றது. சுழலியோடு பிணைந்த மின்னாக்கி மின்னாற்றலை ஈனுகின்றது. வேலை முடித்த நீராவி குளிர்ந்து நீராகிக் கொதிகலனுக்கே மீள்கின்றது. கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்னாகின்றது. எஞ்சியது வானிலும் நீரிலும் கலந்து போகின்றது.

கொதிகலன், சுழலி, மின்னாக்கி! இவற்றைச் சொல்லும்போதே பொருள் விளங்கவில்லையா? அறிவியலைத் தமிழில் சொல்லவியலாது என்போர்க்கு இச்சொற்களே விடை.

முதல் நிலையத்தின் மின்னாற்றல் தமிழகத்திற்கே வழங்கப்பட்டது. பின்னர் எழுந்த 1470 மெகாவாட் இரண்டாம் நிலையத்தின் மின்னாற்றல் தென்மாநிலங்கள் பலவற்றிற்கும் பங்கிடப்பட்டது. பகிர்ந்து வாழ்தல் தமிழர் பண்பே, அதில் குறையில்லை. ஆனால் கொடுத்தவனுக்கு அங்கு என்ன இடம் என்பதே வினா.

2013-இல் நடுவணரசு கழகத்தின் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அப்பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்க நேர்ந்தது. 2016-இல் கழகத்தின் பெயர் 'என்.எல்.சி. இந்தியா' என மாற்றப்பட்டது. நெய்வேலி என்னும் ஊர்ப்பெயர் ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிற்று! 2022-இல் பட்டதாரிப் பொறியாளரைத் தேர்ந்தெடுக்க, ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் அனைத்திந்தியத் தகுதித் தேர்வின் மதிப்பெண் அளவுகோலாயிற்று. 2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பச்சை நெற்பயிர் பொறிகளால் அழிக்கப்பட்டது. கதிர் முற்றும் வரை காத்திருக்கவும் மனமில்லாத ஆளுமை, உழவனின் மொழியை எங்ஙனம் மதிக்கும்?

2020-ஆம் ஆண்டின் மே, சூலைத் திங்கள்களில் இரண்டாம் நிலையத்தின் கொதிகலன்கள் வெடித்து, ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட பலர் மாண்டனர். அவ்வெடிப்புகளுக்கு மொழியே கரணியம் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் நெருப்பின் அருகே நிற்பவனுக்கு எச்சரிக்கை அவன் தாய்மொழியில் வந்தாக வேண்டும் என்பதை எவர் மறுக்க முடியும்? உயிர் தப்ப வேண்டிய நொடியில் அயற்சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்க இயலாது.

1962-இல் ஏற்றப்பட்ட முதல் நிலையத்தின் நெருப்பு 2020-இல் அணைந்தது. புதிய நிலையம் 1000 மெகாவாட் திறனோடு எழுந்துள்ளது. கரி ஒருநாள் தீரும். வெட்டிய குழியும், இடம்பெயர்ந்தோர் நினைவும், பிள்ளைகளின் எதிர்காலமுமே எஞ்சும்.

ஆதலின், நிலம் ஈந்தோர் மக்களுக்கு முறையான வேலை வேண்டும். பணிப் பயிற்சியும் பாதுகாப்பு நெறிகளும் நல்ல தமிழில் வேண்டும். பொறியாளர் தேர்வில் தமிழுக்கு இடம் வேண்டும். இவை இரந்து பெறும் சலுகைகளல்ல. மண்ணைக் கொடுத்தவர் கேட்கும் உரிமைகள். ஒளியைப் பிறர்க்கு ஈந்துவிட்டுத் தமிழன் இருளில் நிற்பது இனியும் தகாது!