கிளம்பாத வண்டிக்கு நாடி பார்ப்பவர்கள்



காலை எட்டு மணி. தென்சென்னைப் புறநகரான பீர்க்கன்கரணையின் உள்தெருக்களிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்குப் பாயும் வண்டிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பெருங்களத்தூரில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர். மெக்கானிக் கடை வாசலில் ஸ்டாண்டு போட்ட கையோடு, "அண்ணே, ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. பிளக்கை மாத்திடுங்க" என்கிறார்.

நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. "ஓடிட்டிருக்கும்போதே நின்னுச்சா, இல்ல ராத்திரி நல்லா இருந்து காலையில கெளம்பலையா?" என்று கேட்கிறார்.

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றிருந்தால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. திக்கித் திக்கி, இழுத்து இழுத்து நின்றிருந்தால் பெட்ரோல் சரியாக வரவில்லை என்று சந்தேகப்படலாம். ராத்திரி ஒழுங்காக வீடு வந்து சேர்ந்த வண்டி விடிந்ததும் முரண்டு பிடித்தால் பேட்டரி, சோக், பிளக் கேப்பில் இறங்கிய ஈரம் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும்.

இப்படிக் கேட்டுத் தேடுவதும் ஒரு வைத்தியம்தான். பீர்க்கன்கரணையிலிருந்து சற்று வடக்கே, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்த பிறகுதான் நோய் இன்னதென்று சொல்வார்கள். தெருமுனை மெக்கானிக்கின் முறையும் இதற்கு உறவுதான். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறாரே, அது நாடி. கால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. வால்விலோ பிஸ்டன் ரிங்கிலோ வேலை இருக்கிறது.

நிறம் பார்ப்பது பிளக்கில். பத்துத் தடவை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றி, முனையைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோகிறார். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் அதைப் பற்றவைக்கவில்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே உள்ளே வரவில்லை. கரிபோல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் என்ஜின் ஆயில் மேலேறுகிறது. செங்கல் தூள் நிறத்தில் இருக்கும் பிளக் குற்றமற்றது. அதை மாற்றுவது காசுக்குக் கேடு.

பிறகு பிளக்கை அதன் கேப்பில் செருகி, உலோகப் பகுதி என்ஜின் மேல் படும்படி வைத்து உதைத்துப் பார்க்கிறார். நீலப் பொறி 'சட்' என்று தெறித்தால் கரண்ட் சரி. சிவந்து சோர்ந்து வந்தால் கேப், காயில், ஒயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிளக் இருந்த துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பொறியை அதற்கருகே காட்டக் கூடாது. விவரம் தெரிந்தவர் துவாரத்தைத் துணியால் மூடிவிட்டுத்தான் உதைப்பார்.

இந்தக் கலையில் வண்டிக்காரனும் தேர்ந்திருந்த ஒரு காலம் இருந்தது. 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல தலைமுறைக்கு வந்த பழைய புல்லட் பைக்கை அப்படியே ஏறி உதைத்துவிட முடியாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல இறக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே டீகம்ப்ரஸரை இழுத்துப் பிஸ்டனை ஒரு நூல் நகர்த்தி, கையை விட்டு, பிறகு ஓங்கி உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

எல்லா மெக்கானிக்கையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ முடியாது. வண்டி வந்ததும் கார்பரேட்டர் திருகைத் திருகுவதும், பிளக்கையும் காயிலையும் ஒன்றாக மாற்றுவதும் பல கடைகளில் நடக்கிறது. வண்டி கிளம்பிவிடலாம். எதனால் கிளம்பியது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத கையைக் கைதேர்ந்த கை என்று சொல்ல மனம் வரவில்லை.

தென்சென்னைப் புறநகரில் இந்தக் கலைக்கு வந்த பெரிய சோதனை 2015 டிசம்பர். இரண்டாம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. வண்டிகள் நின்ற இடத்திலேயே முழுகின. முழுகிய வண்டிக்கு வைத்தியம் வேறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கிக்கரை மிதிக்க வேண்டும். துவாரத்திலிருந்து தண்ணீர் பீறிடும். ஆயிலை இறக்கினால் பால் விட்ட காப்பிபோல வரும். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, டேங்கின் அடியில் தங்கும். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் மேலே பெட்ரோலும் கீழே தண்ணீரும் பிரிந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டர் இடத்துக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. இப்போது காதுக்கு வேலை கூடியிருக்கிறது. சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி 'ஙொய்' என்று ஓட வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரை அமுக்கும்போது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி சோர்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் முனை பூத்திருக்கும். வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால், சாய்வு சென்ஸார் என்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்கேனர் கருவி கோளாறின் எண்ணைக் காட்டும். அந்த எண் சுட்டுவது சென்ஸாரையா, அதற்குப் போகும் ஒயரையா என்று பிரித்துச் சொல்ல இன்னும் மனிதர்தான் வேண்டும்.

நேயர்களே, மழைக்காலத்தில் உங்கள் வண்டி தண்ணீரில் முழுகியிருந்தால், வடிந்ததும் ஆசைக்கு ஒருமுறை ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்க்காதீர்கள். சாவியைப் போடாமல் தள்ளிக்கொண்டு போங்கள். எவ்வளவு நேரம், எந்த உயரம் வரை தண்ணீரில் நின்றது என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.