கைப்பேசி வழிப் படிப்பு: பணத்துக்கு முன் பழக்கம்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. கம்யூனிட்டி ஹாலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்குவது, வளாகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கற்றல் செயலிக்கு மொத்தமாகச் சந்தா கட்டுவது. இரண்டுக்கும் கார்பஸ் நிதியிலிருந்து செலவு. நல்ல எண்ணத்தில் வந்த தீர்மானம்தான். ஆனால் கை தூக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு நமக்கு விடை தெரிய வேண்டும். பிள்ளைகள் எப்படிப் படித்தால் படித்தது நிற்கிறது? அதற்கு எந்தக் கருவி உதவும்? அந்தக் கருவிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

நான் ஆசிரியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருடமாக மாலை வேளையில் நம் நூலக அறையில் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். அங்கே பார்த்ததையும், இதைப் பற்றிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பார்த்தது எல்லாம் படித்தது ஆகாது

அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஒரு பாடத்தின் வீடியோவை மூன்று முறை பார்த்திருப்பார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "நல்லாப் புரிஞ்சுது தாத்தா" என்பார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, ஒரு தாளில் எழுது" என்றால் நான்காவது வரியில் பேனா நின்றுவிடும். பிள்ளை பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது புரிந்தது உண்மை. அது மனதில் தங்கவில்லை என்பதும் உண்மை.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் மாணவர்கள் அதை இரண்டு தடவை படித்தார்கள். மற்றொரு முறையில் ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு தடவை படித்த முறைக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்த முறைக்கு 75. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். இரண்டு தடவை படித்ததற்கு 42, எழுதிப் பார்த்ததற்கு 56.

இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பது, அப்போதைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திருப்தி தருகிறது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

நம் பள்ளிக்கூடங்களில் ஒப்பித்தல் என்று ஒன்று இருந்தது. புரியாமல் ஒப்பிப்பதில் பயனில்லை என்று அதைக் குறை சொன்னோம், சரிதான். ஆனால் புரிந்த பாடத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். அதையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

இடைவெளியும் கலப்பும்

இரண்டாவது வழி, இடைவெளி விட்டுத் திருப்புதல். ஒரே இரவில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, அதே மூன்று மணி நேரத்தை இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று என்று பிரித்தால் அதிகம் தங்கும். ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து, 1885-ல் நூலாக எழுதினார். இடைவெளியின் பலன் அப்போதே தெரிந்த விஷயம். சீட்டுக் கட்டுவது போலத்தான். கொஞ்சம் கொஞ்சமாக, தவறாமல்.

மூன்றாவது வழி, கணக்குகளைக் கலந்து போடுவது. பயிற்சியில் ஒரே மாதிரி இருபது கணக்கு இருந்தால், மூன்றாவது கணக்கிலிருந்து பிள்ளை யோசிப்பதில்லை, கை மட்டும் வேலை செய்கிறது. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சில திண்ம வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வில், பிரித்துச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. பயிற்சியில் தடுமாறும் பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

டன்லாஸ்கி முதலிய ஐந்து பேர் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்தார்கள். அதிகப் பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டே: தனக்குத் தானே தேர்வு வைப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. பச்சை, மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் என்ற பட்டியலில் போய்விட்டன. இரண்டு பெரிய முறைகளுக்கும் தேவை ஒரு தாள், ஒரு பேனா.

எந்தக் கருவி, எதற்கு?

அப்படியானால் கைப்பேசி வேண்டாமா? வேண்டும், எதற்கு என்று தெரிந்து எடுக்க வேண்டும். கீழே சொல்பவற்றை நம் பிள்ளைகள் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

பாடம் புரிய: மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களின் பாடப் புத்தகத்திலேயே கியூ.ஆர். கோடு இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய திக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் காணொளி வரும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாடங்கள் காணொளியாக இருக்கின்றன. கான் அகாடமி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சல்மான் கான் 2004-ல் வேறு ஊரில் இருந்த ஓர் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதில் இருந்து வளர்ந்தது அது. இன்றும் லாப நோக்கமில்லாத அமைப்பு. வீடியோவுக்குப் பிறகு அங்கே பயிற்சிக் கணக்கும் உண்டு. நம் பிள்ளைகள் அந்தப் பகுதியைத்தான் தொடுவதில்லை.

செய்து பார்க்க: நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற இணையதளத்தில் மின்சுற்று, ஊசல், ஒளிவிலகல் எல்லாவற்றையும் திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூட்டல் 180-ஐ விட்டு நகராது. கரும்பலகையில் இதைக் காட்ட முடியாது. முன்கூட்டியே ஒரு விதி: "இப்படி மாற்றினால் என்ன ஆகும்?" என்று பிள்ளை முதலில் ஊகித்து எழுதிவிட்டு, அதன் பிறகே திரையைத் தொட வேண்டும். ஊகம் தப்பினால் இன்னும் நல்லது, காரணம் தேடுவார்கள்.

நினைவில் வைக்க: ஆன்கி என்ற செயலி. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை பல நாள் கழித்து வரும், தப்பாகச் சொன்னது சீக்கிரமே வரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. கைப்பேசியே வேண்டாம் என்பவர்களுக்கு ஐந்து அறை உள்ள பெட்டி போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1972-ல் சொன்ன யோசனை அது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், கடைசி அறையை எப்போதாவதும் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் நூலக அறையில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்திருக்கிறோம். அட்டையைப் பிள்ளையே எழுத வேண்டும் என்பது முக்கியம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள்: விடையைக் கேட்டால் கொடுத்துவிடும், பிள்ளை காப்பியடித்து முடித்துவிடும். அதற்குப் பதில், "இந்தப் பாடத்தில் என்னிடம் ஐந்து கேள்வி கேள், நான் சொல்லும் வரை விடை சொல்லாதே" என்று கேட்கப் பழக்குங்கள். அது தப்பாகவும் சொல்லும். ஆகவே பாடப் புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பது கட்டாயம்.

பணக் கணக்கு

இனி எனக்குப் பழக்கமான பகுதி. விலை கூடிய செயலிகளை மாதத் தவணையில் தருகிறோம் என்பார்கள். பல சமயம் அந்தத் தவணை, வேறொரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பணம் மொத்தமாகச் செயலிக்காரருக்குப் போய்விடும். பிள்ளை இரண்டு மாதத்தில் பார்ப்பதை நிறுத்தினாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் குறையும், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு எச்சரிக்கை அறிவுரை வெளியிட்டது. கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும் வசதிக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது அதில் ஒன்று. கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள். இது சந்தாவா, கடனா? எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்? ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வரவில் வராது.

என் யோசனை

பிள்ளைகளுக்கு இல்லாதது வீடியோ இல்லை. தவறாமல் உட்காரும் நேரமும், பக்கத்தில் ஒரு பெரியவரும்தான். அதனால் தீர்மானத்தில் ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். ஸ்மார்ட் போர்டையும் சந்தாவையும் மூன்று மாதம் ஒத்திவைப்போம். அந்த மூன்று மாதம், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நூலக அறையில் படிப்பு நேரம். முதல் பத்து நிமிடம், நேற்றுப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதுவது. அடுத்த அரை மணி, புதுப் பாடம் அல்லது கலந்த கணக்குகள். கடைசி இருபது நிமிடம், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது.

இந்தக் கடைசிப் பழக்கம் நம் ஊர்ச் சரக்குதான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அந்த முறையை எடுத்துக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் தன் பள்ளியில் நடத்தி, 1797-ல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். சொல்லிக் கொடுப்பவர்தான் முதலில் நன்றாகக் கற்கிறார்.

இன்னொன்று. இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் வளாகத்தில் காவல், துப்புரவு, வீட்டு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் இந்த நேரத்துக்கு வர அனுமதிக்க வேண்டும். அந்த வீடுகளில் பலவற்றில் ஒரே கைப்பேசிதான். அப்பா இரவு வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நம் பிள்ளைகள் மடிக்கணினியில் வகுப்புக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்க முடியும்? பத்தாம் வகுப்புத் தேர்வில் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பாதுகாப்பு பற்றி நண்பர்கள் சிலர் என்னிடம் கவலை தெரிவித்தார்கள். நியாயமான கவலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வருகைப் பதிவேடு, எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கும். வெளியாட்கள் என்று ஒரு சொல் வந்தது. தினமும் காலையில் நம் வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கிறோமே, அவர்களுடைய பிள்ளைகள் இவர்கள். அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாத முடிவில் வருகைப் பதிவேட்டையும், பிள்ளைகள் முதல் வாரமும் கடைசி வாரமும் எழுதிய தாள்களையும் இதே மேஜையில் வைக்கிறேன். அப்போதும் ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்று தோன்றினால் முதல் கை என்னுடையது.

பெரியவர்களாகிய நீங்கள் வாரத்தில் ஒரு மாலை கொடுத்தால் போதும். கணக்கும் அறிவியலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு, கேட்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் பெயரும் வர முடிந்த கிழமையும் எழுதுங்கள். திருத்தத்தை யாராவது வழிமொழிய வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.