மூட்டில் படியும் சுண்ணாம்பு



"மூட்டுல சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சுதுங்க. அதனால பாலையும் கேழ்வரகுக் கூழையும் நிறுத்திட்டேன்" என்று பொழிச்சலூர்ப் பக்கம் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். இது சரிதானா?

எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தை போல மூடியிருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. அதிலுள்ள உயிரணுக்கள் மூட்டுநீரிலிருந்துதான் ஆகாரம் எடுத்துக்கொள்கின்றன. வயதானாலும், பழைய அடி பட்டிருந்தாலும் அவை மடிகின்றன. மடியும்போது விட்டுச்செல்லும் நுண்ணிய துணுக்குகளில்தான் சுண்ணாம்பு உப்பு சேருகிறது. குடித்த பால் அங்கே போய்ப் படிவதில்லை.

மூட்டு இறுகிப்போக இன்னொரு காரணமும் உண்டு. அது குடிநீரில் உள்ள புளோரைடு. இதை முதலில் காட்டிக்கொடுத்தவை உழவு மாடுகளே! 1930களில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் எருதுகள் கால் விறைத்து ஏர் இழுக்க முடியாமல் நின்றன. பிறகு மனிதர்களுக்கும் முதுகும் கழுத்தும் விறைத்தன. நமக்குப் பக்கத்திலே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த டாக்டர் ஷார்ட்டும் உடனிருந்தவர்களும் இதை ஆராய்ந்து, தண்ணீரிலுள்ள புளோரைடே காரணம் என்று 1937இல் எழுதினார்கள். இந்த நோயில் மூட்டைக் கட்டிவைத்திருக்கும் நார்களிலும் சுண்ணாம்பு ஏறிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இதே தொல்லை இருந்ததால்தான் 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது.

ஏறிய சுண்ணாம்பை இறக்குவது கடினம். ஆகவே வருமுன் காக்க வேண்டும்.

ஒன்று: புதிதாக போர் போட்டால், குடிப்பதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது.

இரண்டு: காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

மூன்று: பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். குடிக்கிற தண்ணீரைச் சோதியுங்கள்.

நான்கு: பால், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை இவற்றை, டாக்டர் சொன்னாலொழிய நிறுத்தாதீர்கள். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து, குடலிலேயே புளோரைடைப் பிடித்து வெளியே தள்ள உதவும். நீங்கள் பகை என்று ஒதுக்கியது உண்மையில் உங்களுக்குக் காவல்!

மூட்டு வலித்தால் கடையில் கேட்டு மாத்திரை விழுங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.