பட்டறையும் பள்ளியே



படித்தவன் கையில் கரி படக்கூடாது என்னும் மடமை பல நாடுகளில் வேரூன்றியது. எழுதுகோல் பிடித்தவன் மேலோன், சுத்தியல் பிடித்தவன் கீழோன் என்று வகுத்தவர்கள் மூளைக்கொரு பள்ளியும் கைக்கொரு பட்டறையுமாகக் கல்வியைப் பிளந்துவிட்டனர். பொறிகளால் உலகை ஆட்டிப்படைத்த இங்கிலாந்தும் இதற்கு விலக்கன்று. அங்கே செல்வர்வீட்டு ஆண்பிள்ளைகள் பயின்ற உயர்பள்ளிகளில் இலத்தீனமும் கிரேக்கமுமே நெடுங்காலம் கல்வியெனப் போற்றப்பட்டன.

இம்மடமையை ஒரு பள்ளிக்குள் நின்றே எதிர்த்தவர் பிரெடரிக் வில்லியம் சாண்டர்சன். 1892ஆம் ஆண்டு அவுண்டில் என்னும் சிற்றூரின் ஆண்கள் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியரானார். பழைமையில் ஊறியவர்கள் தொடக்கத்தில் அவரை வெறுத்தனர். அவர் சளைத்தாரல்லர்.

தச்சுப்பட்டறை எழுந்தது. கொல்லுலை எரிந்தது. வார்ப்படச்சாலையும் கடைசற்பொறிகளும் வந்தன. ஆய்வுக்கூடங்களும் வேளாண் பண்ணையும் வானோக்குக்கூடமும் அமைந்தன. ஆயின் கட்டடமும் கருவியும் மட்டுமே கல்வியாகிவிடுமா? பூட்டிய அறைக்குள் துருவேறும் கடைசற்பொறியால் யாருக்கு என்ன பயன்?

சாண்டர்சன் கருவியோடு காலத்தையும் கொடுத்தார். மாணவர்கள் பருவந்தோறும் ஒரு வாரம் வகுப்பை விட்டுப் பட்டறையிலேயே உழைத்தனர். பொழுதுபோக்குப் பொம்மைகளை அன்று, இயங்கும் பொறிகளையே அவர்கள் செய்ய வேண்டுமென அவர் விரும்பினார்.

ஒரு பொறி உருவாவதை எண்ணிப் பாருங்கள். முதலில் வரைபடம், அதற்கேற்ப மரத்தில் மாதிரி, அம்மாதிரியை மணலில் பதித்த அச்சு, அச்சில் உருகிய இரும்பு. ஆறியபின் கடைந்து, அராவி, ஒன்றோடொன்று பொருத்தல் வேண்டும். மயிரிழை பிழைத்தாலும் உறுப்புப் பொருந்தாது. அங்கே மனப்பாடம் கைகொடுக்காது, பொய்யும் செல்லாது. கணக்கு ஏன் கற்கிறோம் என்பது கடைசற்பொறியின் முன்னே தானே விளங்கும்.

மற்றொன்றும் உண்டு. தேர்வில் ஒருவன் முந்தினால் மற்றவன் பிந்துகிறான். பட்டறையிலோ ஒருவன் வார்த்ததை மற்றொருவன் கடைகிறான்; ஒருவன் திறம் எல்லார்க்கும் உதவுகிறது. போட்டியினும் கூட்டுழைப்பே மாந்தனை வளர்க்கும் என்பதே சாண்டர்சன் கண்ட உண்மை. இலத்தீனத்தில் மழுங்கியவன் எனத் தள்ளப்பட்ட சிறுவனும் தன் கையால் ஒரு பொறியை இயக்கியபோது நிமிர்ந்து நின்றான். அந்த நிமிர்வுக்கு ஈடாக எந்த மதிப்பெண்ணைச் சொல்வது?

அவர் வந்தபோது ஏறத்தாழ நூறாக இருந்த மாணவர் தொகை, அவர் காலத்திலேயே ஏறத்தாழ ஐந்நூறாகியது. எழுத்தாளர் எச்.சி. வெல்சு தம் மைந்தர் இருவரையும் அங்கே சேர்த்தார். 1922 சூன் திங்களில், இலண்டனில் வெல்சு தலைமையேற்ற அவையில், அறிவியலாளரிடையே தம் கல்விக்கொள்கையை விளக்கி முடித்த சற்றைக்கெல்லாம் சாண்டர்சன் சாய்ந்து உயிர்நீத்தார். இரண்டாண்டு கழித்து வெல்சு அவர் வரலாற்றை நூலாக்கினார். ஆண்களுக்கே உரியதாயிருந்த அப்பள்ளி 1990இல் பெண்களுக்கும் கதவு திறந்தது.

பெற்றோரே! உங்கள் பிள்ளையின் பள்ளியில் எத்தனை கருவிகள் உள்ளன என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவற்றை உங்கள் பிள்ளை எத்தனை நாள் கையில் எடுத்தான் என்றும் கேளுங்கள். கையறியாக் கல்வி அரைக் கல்வி. அறிவறியா உழைப்பு அரை உழைப்பு. இரண்டும் இணையுமிடமே முழுமையான பள்ளி!